அறுபதாம் கல்யாணம், எண்பதாம் கல்யாணம்: அப்பா அம்மாவுக்கு விழா எடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அப்பாவின் அறுபதாம் கல்யாணத்தன்று காலை ஒன்பதரை மணி இருக்கும். ஹோம குண்டத்துக்கு முன்னால் அப்பாவின் கையைத் தொட்டபடி உட்கார்ந்திருந்த அம்மாவின் விரல்கள் நடுங்க ஆரம்பித்தன. நெற்றியில் முத்து முத்தாக வியர்வை. புகையினால் இருக்கும் என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம். புகைப்படக்காரர் கொஞ்சம் சிரிக்கச் சொன்னார், அம்மா சிரிக்கவும் செய்தார். கடைசி வரிசையிலிருந்து எழுந்து வந்த அத்தைதான் தாம்பாளத்திலிருந்த சர்க்கரையை ஒரு பிடி அள்ளி அம்மாவின் வாயில் போட்டார். சுகர் இறங்கியிருந்தது. விடியற்காலையில் மாத்திரை போட்டவர் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் உட்கார்ந்திருந்தார். சடங்கு முடியும்வரை எதுவும் சாப்பிடக் கூடாது என்று யாரோ சொன்னார்களாம். யார் சொன்னது என்று இன்றுவரை தெரியாது.

அது 2015. அதற்கப்புறம் 2024-ல் எழுபதை ஒட்டி இன்னொரு முறை விழா எடுத்தோம். முதல் முறை செய்த தவறுகளில் பாதியையாவது இரண்டாம் முறை தவிர்த்தோம் என்ற நிம்மதி இருக்கிறது. இப்போது பெற்றோருக்கு விழா எடுக்கத் தயாராகிக்கொண்டிருக்கும் பிள்ளைகளுக்காக அதையெல்லாம் எழுதுகிறேன்.

முதலில் தேதி. அறுபதாம் கல்யாணத்தை ஆதார் அட்டையில் இருக்கும் பிறந்த நாளை வைத்துக் குறிப்பது பெரிய தவறு. அந்தத் தலைமுறையில் பலருக்குப் பள்ளியில் சேர்க்கும்போது வாத்தியார் போட்ட தேதிதான் சான்றிதழில் இருக்கும். எங்கள் அப்பாவுக்குச் சான்றிதழ்படி ஜூன் மாதம். ஜாதகப்படி மன்மத வருடம் ஆவணி மாதம். தமிழ் வருடப் பெயர்கள் மொத்தம் 60. பிறந்த வருடத்தின் பெயரே சுற்றி வந்து மறுபடி தொடங்குவதுதான் சஷ்டியப்தபூர்த்தி. 1955-ல் வந்த மன்மத வருடம் 2015-ல் திரும்ப வந்தது. 1966-ல் வந்த பராபவ வருடம் 2026 சித்திரையில் திரும்ப வருகிறது. பிறந்த தமிழ் மாதத்தில் ஜன்ம நட்சத்திரம் வரும் நாளில் செய்வதுதான் வழக்கம். அதனால் மண்டபம் பேசுவதற்கு முன்னால் பழைய ஜாதகக் கட்டைத் தேடி எடுங்கள்.

ஐம்பத்தொன்பது முடிந்து அறுபது தொடங்கும்போது செய்வது உக்ரரத சாந்தி. அறுபது நிறைந்தால் மணிவிழா என்கிற இதே சஷ்டியப்தபூர்த்தி. எழுபதை ஒட்டி பீமரத சாந்தி. ஆயிரம் பிறை கண்டவருக்குச் சதாபிஷேகம், அதுதான் எண்பதாம் கல்யாணம். பௌர்ணமிக்குப் பௌர்ணமி சுமார் 29.53 நாள் என்று வைத்துக் கணக்குப் போட்டால் ஆயிரம் பௌர்ணமிக்குக் கிட்டத்தட்ட 80 வருடம் 10 மாதம் வரும். ஆனால் எண்பதுக்கு மேல் எத்தனையாவது மாதத்தில் செய்வது என்பது குடும்பத்துக்குக் குடும்பம் மாறும். உங்கள் வீட்டுப் பெரியவர்களையும் ஐயரையும் கேட்டு முடிவு செய்யுங்கள்.

இந்தச் சடங்குகள் எல்லாமே அப்பாவின் வயதை வைத்துத்தான் வருகின்றன. அம்மாவுக்கு எத்தனை வயது என்று பத்திரிகையில் எங்கும் இருக்காது. எனக்கு இது உறுத்தும். அதனால் திருமணமாகி 50 வருடம் ஆனதையும் விடாமல் கொண்டாடுங்கள் என்று சொல்வேன். அதில் இருவருக்கும் ஒரே கணக்கு. கிறிஸ்தவக் குடும்பங்களில் அந்த நாளில் தேவாலயத்தில் நன்றித் திருப்பலி வைத்து, திருமண வாக்குறுதியை மறுபடி சொல்ல வைப்பதைப் பார்த்திருக்கிறேன், அவ்வளவு அழகாக இருக்கும். கல்யாணத் தேதி மறந்துபோயிருந்தால் டிரங்குப் பெட்டியின் அடியில் மஞ்சள் தடவிய கல்யாணப் பத்திரிகை ஒன்று கட்டாயம் கிடக்கும்.

அடுத்தது இடம். திருக்கடையூரில் செய்தால்தான் பலன், வேறெங்கு செய்தாலும் குறை என்று நினைத்துக்கொண்டு முடியாதவர்களை இழுத்துக்கொண்டு போகாதீர்கள். மார்க்கண்டேயருக்காகச் சிவபெருமான் எமனை உதைத்த தலம், அட்ட வீரட்டங்களில் ஒன்று, அபிராமி அம்மன் சந்நிதி. அதனால் அந்த ஊருக்கு இந்தச் சடங்கில் தனி இடம் உண்டு. அங்கே போய் நின்றால் மனம் நிறையும், மறுக்கவில்லை. ஆனால் மயிலாடுதுறையிலிருந்தே சுமார் 20 கிலோமீட்டர் போக வேண்டும். தூரத்து ஊர்க்காரர்கள் முதல் நாளே வந்து தங்க வேண்டும். முகூர்த்த நாளில் பக்கத்துப் பக்கத்தில் பல தம்பதிகளுக்கு ஹோமம் நடக்கும். மூச்சிரைப்பு உள்ளவர்களுக்கு அந்தப் புகையில் மூன்று மணி நேரம் என்பது தண்டனை. அம்மாவுக்கோ அப்பாவுக்கோ உடம்பு ஒத்துழைக்காவிட்டால் வீட்டிலோ ஊர்க் கோயிலிலோ சடங்கை வைத்துக்கொண்டு, வேறொரு சாதாரண நாளில் திருக்கடையூர் போய் நிதானமாகத் தரிசனம் செய்துவிட்டு வரலாம். இரண்டாம் முறை நாங்கள் அப்படித்தான் செய்தோம்.

அங்கேயே செய்வது என்று முடிவானால் எத்தனை கலசம், மாலை யார் வாங்குவது, ஹோமச் சாமான் சேர்த்தியா, சாப்பாடு எத்தனை இலை என்று எல்லாவற்றையும் முன்கூட்டியே தாளில் எழுதி வாங்குங்கள். கோயிலுக்குக் கட்ட வேண்டியதைக் கோயில் அலுவலகத்தில் கட்டி ரசீது வாங்குங்கள். எங்களுக்கு ஏற்பாடு செய்து தந்தவர் வாய்வார்த்தையாகச் சொன்ன தொகை ஒன்று, விழா முடிந்த மத்தியானம் கேட்ட தொகை வேறு. மாலையும் கழுத்துமாக அப்பா அதைக் கேட்டுக்கொண்டு நின்றது இன்னும் கண்ணில் இருக்கிறது.

சரி, உடம்பு விஷயம். இதில்தான் அதிகம் தவறு நடக்கிறது.

விரதம் என்ற பெயரில் மாத்திரையை நிறுத்துவதும் தவறு, மாத்திரை போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருப்பதும் தவறு. ஒரு வாரம் முன்பே மருத்துவரிடம் போய், அன்றைக்குச் சடங்கு எத்தனை மணிக்குத் தொடங்கி எப்போது முடியும் என்று சொல்லி, சுகர், பிரஷர் மாத்திரைகளை எப்படி எடுப்பது என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஐயரிடமும் சொல்லிவிடுங்கள். 2024-ல் வந்த ஐயர் எங்கள் பேச்சு முடியும் முன்பே, “அம்மா ரெண்டு இட்லி சாப்பிட்டுட்டே உட்காரட்டும், தெய்வம் கோவிச்சுக்காது” என்றார். ஒன்பது வருடம் முன்னால் நாங்கள் யாரிடமும் கேட்கவே இல்லை.

கழிப்பறை எங்கே இருக்கிறது என்று முதலில் பாருங்கள். வாயால் சொல்ல மாட்டார்கள், ஆனால் வயதான பெண்கள் பலர் விழாவுக்கு முதல் நாள் ராத்திரியிலிருந்தே தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்வார்கள். நடுவில் எழுந்து போக வேண்டி வந்தால் எல்லோரும் பார்ப்பார்களே என்ற கூச்சம். பட்டுப்புடவையோடு இந்தியன் டாய்லெட்டில் உட்கார்ந்து எழ மூட்டு விடாது. மேடைக்குப் பக்கத்தில் வெஸ்டர்ன் டாய்லெட் உள்ள அறை கிடைக்காத மண்டபம் எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம். சங்கல்பம் முடிந்ததும் பத்து நிமிடம் இடைவேளை விடச் சொல்லுங்கள்.

மணையில் சம்மணம் போட்டு உட்காரத்தான் வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. உயரம் குறைந்த பெஞ்சில் உட்கார வைத்துச் செய்யலாமா என்று கேளுங்கள், பெரும்பாலும் சரி என்பார்கள். அப்பாவுக்கு ஒரு பெஞ்ச், அம்மாவுக்கு ஒன்று, ஒரே உயரத்தில்.

கலசாபிஷேகம் பார்க்க மங்களகரமாக இருக்கும். கலச நீர் முடிந்ததும் பிள்ளைகள், சம்பந்திகள், ஒன்றுவிட்ட உறவெல்லாம் வரிசையில் நின்று ஆளுக்கொரு சொம்பு ஊற்றுவார்கள். அறுபது பேர் என்றால் அறுபது சொம்பு. எழுபது வயது உடம்பு அதைத் தாங்குமா? கலச நீர் போக மற்றதை வெதுவெதுப்பாக வைத்துக்கொள்ளுங்கள். ஆள் எண்ணிக்கையைக் குறையுங்கள். மற்றவர்கள் அட்சதை போடட்டும். கண்புரை அறுவை சிகிச்சை செய்து சில வாரங்களே ஆகியிருந்தால் தலையில் தண்ணீர் ஊற்றவே வேண்டாம், தோளில் தெளித்தால் போதும். காது கேட்கும் கருவியை மறக்காமல் கழற்றி யாராவது ஒருவர் கையில் வைத்துக்கொள்ளுங்கள். ஈரத் தரையில் எழுந்து நடக்கும் அந்தப் பத்து அடிதான் ஆபத்து. இரண்டு பக்கமும் ஆள் வேண்டும். கீழே துணி விரிக்காதீர்கள், சுருண்டு வழுக்கும்.

இனி மனசு விஷயம். அறுபதாம் கல்யாணத்துக்கு அம்மாவுக்கு நாங்களே புடவை எடுத்தோம். அரக்குச் சிவப்பு, அகல ஜரிகை, கனமான காஞ்சிப் பட்டு. அண்ணியும் நானும் கடையில் மூன்று மணி நேரம் நின்று எடுத்தது. அம்மா அதை அன்றைக்குக் கட்டியதோடு சரி. எழுபதுக்கு அம்மாவையே கடைக்குக் கூட்டிப்போனபோது, மெல்லிய ஜரிகை ஓடிய வாடாமல்லி நிறப் புடவையை ஐந்தே நிமிடத்தில் எடுத்தார். “என் கல்யாணத்துக்கு இந்த நிறம்தான் கேட்டேன், எங்கப்பா சிவப்புதான் மங்களம்னுட்டார்” என்றார். இத்தனை வருடத்தில் எங்களுக்குத் தெரியாத சங்கதி. புடவை, தாலி, விருந்து, யார் யாரை அழைப்பது, எல்லாவற்றையும் அப்பாவிடம் தனியாகவும் அம்மாவிடம் தனியாகவும் கேளுங்கள். ஒன்றாக வைத்துக் கேட்டால் “அவருக்கு எது இஷ்டமோ அதுவே” என்றுதான் பதில் வரும். விழாவே வேண்டாம், பேரப் பிள்ளைகளோடு இரண்டு நாள் இருந்தால் போதும் என்று இருவரும் சொன்னால் அதையும் ஏற்றுக்கொள்ளுங்கள். சொல்லாமல் கொள்ளாமல் ஏற்பாடு செய்து திகைக்க வைக்கும் வேலை இந்த வயதில் கூடவே கூடாது.

மேடைப் பேச்சைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2015-ல் என் அண்ணன் ஒலிபெருக்கியைப் பிடித்து, “எங்க அம்மா இதுவரைக்கும் அப்பாவை எதிர்த்து ஒரு வார்த்தை பேசினதில்லை” என்றார். கைதட்டல் எழுந்தது. அன்று ராத்திரி பாத்திரம் ஒதுக்கிக்கொண்டிருந்தபோது அம்மா என்னிடம் மெதுவாகச் சொன்னார்: “கோவிச்சுக்கிட்டு மூணு மாசம் உங்க தாத்தா வீட்டுல போய் இருந்தேனே. நீ சின்னப் பொண்ணு, உனக்கு ஞாபகம் இருக்காது. அப்புறம் நானாத்தான் திரும்பி வந்தேன். அதெல்லாம் ஒண்ணுமே இல்லாத மாதிரி பேசிட்டான் உங்க அண்ணன்.”

சண்டையே போடாத தம்பதி என்று புகழ்வது, அவர்கள் பட்ட பாட்டை அழித்துவிடுகிறது. வீட்டுச் சண்டையை மேடையில் அவிழ்க்கச் சொல்லவில்லை. நீங்கள் கண்ணால் பார்த்த ஒரு சின்ன விஷயத்தைச் சொல்லுங்கள், அதுவும் அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு. எங்கள் வீட்டில் மாத்திரை அட்டையில் இருக்கும் பொடி எழுத்து அம்மாவுக்குத் தெரியாது. அப்பாவுக்கு எந்த வேளைக்கு எந்த மாத்திரை என்பது நினைவில் நிற்காது. அப்பா பெயரை வாசிப்பார், அம்மா “அது ராத்திரிக்கு” என்பார். ஃபேன் மூன்றில் ஓட வேண்டுமா நான்கிலா என்ற வழக்கு நான் பிறப்பதற்கு முன்பிருந்தே நடக்கிறது, இன்னும் தீர்ப்பாகவில்லை. எழுபதுக்கு அண்ணன் இந்த இரண்டையும்தான் பேசினார். அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்.

புகைப்படக்காரரிடமும் முன்பே பேசிவிடுங்கள். நெற்றியில் நெற்றி வைத்து நில்லுங்கள், ரோஜாவை நீட்டுங்கள் என்று அவர் கேட்கும்போது ஊர் முன்னால் அம்மா கூனிக் குறுகுவதைப் பார்க்கச் சங்கடமாக இருக்கும். ஆசையாக நிற்பவர்கள் நிற்கட்டும், வற்புறுத்தக் கூடாது.

பணக் கணக்கை அண்ணன் தம்பி, அக்கா தங்கை எல்லோரும் பத்திரிகை அடிக்கும் முன்பே பேசி முடித்துவிடுங்கள். யார் எவ்வளவு போட்டார்கள் என்பது அப்பா அம்மா காதுக்குப் போகவே கூடாது. தாய்மாமன் சீர் வருகிறது என்றால் அவரால் முடிந்ததைச் செய்யட்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

கடைசியாக ஒன்று, எனக்கு மிகவும் வலிக்கிற ஒன்று. அன்றைக்குச் சர்க்கரை அள்ளிப் போட்ட அத்தை ஏன் கடைசி வரிசையில் இருந்தார்? மாமா இறந்துவிட்டார் என்பதால். அப்பாவைத் தூக்கி வளர்த்த அக்கா அவர். அபிஷேகத்துக்குச் சுமங்கலிகளை அழைத்தபோது அவர் தானாகவே ஒதுங்கிப் போய்ச் சுவரோரம் உட்கார்ந்துகொண்டார். நாங்கள் யாரும் அவரைக் கூப்பிடவில்லை. அங்கே உட்கார்ந்து அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார், அதனால்தான் அவருக்கு மட்டும் தெரிந்தது. கணவரை இழந்த அத்தையையோ சித்தியையோ பாட்டியையோ விழாவில் பின்னால் உட்கார வைக்காதீர்கள். சாஸ்திரம் பேசும் உறவினரிடம் அப்பாவையே பேச வையுங்கள். எழுபதுக்கு எங்கள் அப்பா, “அக்கா ஊத்தினப்புறம்தான் மத்தவங்க” என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். அத்தைக்குக் கை நடுங்கிப் பாதித் தண்ணீர் தரையில் போயிற்று.

விழா முடிந்த அன்றே எல்லோரும் வண்டி ஏறிவிடுவதும் தவறுதான். மிச்சச் சாப்பாடு, வாடகைப் பாத்திரம், வாடிய மாலை எல்லாவற்றையும் இரண்டு வயதானவர்கள் தலையில் கட்டிவிட்டுப் போகிறோம். ஒரு பிள்ளையாவது இரண்டு நாள் கூட இருங்கள். பரிசு வாங்க வைத்திருக்கும் பணத்தில் குளியலறைச் சுவரில் பிடித்துக்கொள்ள ஒரு கம்பி, ராத்திரி எழுந்தால் வழி தெரிய ஒரு சின்ன விளக்கு போட்டுக் கொடுங்கள். 2024-ல் நான் தங்கியிருந்த மறுநாள் காலை ஐந்தரைக்கு எழுந்து பார்த்தேன். அப்பா பால் பாக்கெட்டைக் கத்தரித்துக்கொண்டிருந்தார், அம்மா டிகாக்‌ஷன் இறங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றார். கழுத்தில் புது மஞ்சள் கயிறு. ஃபேன் நான்கில் ஓடிக்கொண்டிருந்தது.