திருகோணமலைக்குப் போகிறீர்களா?

மே முதல் செப்டம்பர் வரை போனால் கடல் அடங்கி இருக்கும். மார்கழி மழையில் போய் நின்றால் படகுக்காரர் கையை விரித்துவிடுவார்.

நிலாவெளியிலிருந்து புறாமலைத் தீவுக்குக் காலையிலேயே படகு பிடியுங்கள். வெயில் ஏறினால் கூட்டமும் ஏறிவிடும். இடுப்பளவு தண்ணீரிலேயே பவளப்பாறை, வண்ண மீன். பாறைமேல் மட்டும் கால் வைக்காதீர்கள். அது உயிருள்ளது, உங்கள் காலையும் கிழிக்கும்.

கோணேசர் கோயிலுக்கு மாலையில், பிரட்ரிக் கோட்டை வழியே நடந்தே போகலாம். போர்த்துக்கேயர் பழைய கோயிலை இடித்துக் கட்டிய கோட்டை அது. இப்போது உள்ளே புள்ளிமான்கள் மேய்கின்றன. வாழைப்பழப் பையைக் கண்டால் பின்னாலேயே வரும்!

கன்னியா வெந்நீர்க் கிணறுகள் ஏழுக்கும் அரைமணி நேரம் போதும். மாற்றுத்துணி அவசியம்.