டெலிகேட்: கமிட்டி மினிட்ஸில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனிலோ லெனேசியாவிலோ கோயில் கமிட்டியின் மினிட்ஸ் (கூட்டக் குறிப்பு) பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் எழுதப்படுகிறது. அதில் அடிக்கடி தடுமாற வைக்கும் வினைச்சொல் 'டெலிகேட்'. தன் கையில் இருக்கும் அதிகாரத்தை, தன் சார்பில் செயல்பட இன்னொருவரிடம் ஒப்படைப்பது என்பது பொருள்.

'தி கமிட்டி டெலிகேட்டட் தி செக்ரெட்டரி தி ஃப்ளவர் ஆர்டர்' என்று எழுதுவது தவறு. 'கேவ்' போட்டால் இந்த அமைப்பு சரி, டெலிகேட்டுக்கு ஆகாது. வேலை முதலில், அடுத்து 'டு', அதன்பின் ஆள்: 'டெலிகேட்டட் தி ஃப்ளவர் ஆர்டர் டு தி செக்ரெட்டரி'. ஆளை முன்னால் வைத்தால் செயலையும் சேர்த்தாக வேண்டும்: 'டெலிகேட்டட் தி செக்ரெட்டரி டு ஆர்டர் தி ஃப்ளவர்ஸ்'. உச்சரிப்பையும் கவனியுங்கள்: வினை 'டெலிகேட்', மாநாட்டுக்குப் போகும் பிரதிநிதி 'டெலிகட்'.

தன்னிடம் இல்லாததை யாரும் டெலிகேட் செய்ய முடியாது. செயலாளர் தலைவரிடம் ஒரு வேலையைச் சொன்னால் அது 'ரெக்வெஸ்டட்'. குருக்கள் செய்யும் பூஜையைக் கமிட்டி அவருக்கு 'டெலிகேட்' செய்ததாக எழுதுவதும் பொருந்தாது. அது ஏற்கெனவே அவருடைய வேலை.

எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு, ஒப்படைத்ததோடு பொறுப்பும் போய்விட்டது என்று நினைப்பது. தென்னாப்பிரிக்காவின் 1999ஆம் ஆண்டுப் பொது நிதி மேலாண்மைச் சட்டத்தின் 44ஆவது பிரிவு இதைத் தெளிவாகச் சொல்கிறது: துறைத் தலைமை அதிகாரி எழுத்து மூலமே அதிகாரத்தை ஒப்படைக்க வேண்டும், குறிப்பிட்ட ஆளுக்கோ பதவிக்கோ கொடுக்கலாம், கொடுத்த பிறகும் அவருடைய பொறுப்பு நீங்காது. அது அரசுத் துறைகளுக்கான சட்டம். ஆனாலும் கோயில் கணக்குக்கு இதைவிட நல்ல அளவுகோல் கிடையாது.

ஆகவே 'டெலிகேட்டட் காவடி பர்ச்சேசஸ் டு தி ட்ரெஷரர்' என்று மொட்டையாக எழுதாதீர்கள். இப்படி எழுதலாம்: 'தி கமிட்டி டெலிகேட்ஸ் டு தி ட்ரெஷரர் தி அத்தாரிட்டி டு அப்ரூவ் காவடி பர்ச்சேசஸ் அப் டு ஆர் 5,000 பெர் இன்வாய்ஸ் அண்ட் ஆர் 20,000 இன் டோட்டல், அன்டில் 31 மார்ச்.' ('ஆர்' என்பது ரேண்ட் நாணயத்தின் குறி.) ஒப்படைக்கும் விஷயம் நீளமாக இருப்பதால் இங்கே 'டு தி ட்ரெஷரர்' முன்னால் வந்திருக்கிறது; அது இலக்கணப்படி சரியே. மொத்த வரம்பைக் கட்டாயம் போடுங்கள். 'பெர் இன்வாய்ஸ்' மட்டும் இருந்தால் 12,000 ரேண்ட் சரக்கை மூன்று பில்லாகப் பிரித்து வாங்கிவிடலாம், தீர்மானத்தை மீறியதாகவும் ஆகாது.

பழைய தீர்மானங்களில் 'டு சைன் செக்ஸ்' என்று இருந்தால் மாற்றுங்கள். 2020 டிசம்பர் 31க்குப் பிறகு இந்நாட்டில் செக் செல்லாது. 'டு ரிலீஸ் ஈஎஃப்டி பேமென்ட்ஸ்' (மின்னணுப் பணப் பரிமாற்றம்) என்று இருக்கட்டும். பேங்க் ஆப் பாஸ்வேர்டைச் சொல்லிக்கொடுப்பது டெலிகேட் செய்வது ஆகாது. யார் பணம் அனுப்பினார்கள் என்ற தடயமே அதில் அழிந்துவிடும்.

அதிகாரம் பெற்றவர் அதை இன்னொருவருக்குக் கைமாற்றலாம் என்று தானாக எண்ணிவிடவும் கூடாது. அந்த அனுமதி வேண்டுமானால் 'வித் பவர் டு சப்-டெலிகேட்' என்று தீர்மானத்திலேயே இருக்க வேண்டும்.

பக்கத்துச் சொற்களிலும் குழப்பம் உண்டு. வேறிடத்துக்குத் தற்காலிகமாக வேலைக்கு அனுப்பப்பட்டவரைத் தமிழ்நாட்டு அலுவலகங்களில் 'டெப்யூட்டட் டு டர்பன்' என்பார்கள். இங்கே அதற்கு 'செக்காண்டட்', இரண்டாம் அசையில் அழுத்தம். தலைவர் ஊரில் இல்லாதபோது துணைத் தலைவர் 'டெப்யூடைஸஸ் ஃபார்' தலைவர்; அங்கே 'டு' வராது. 'ரெலிகேட்' காதுக்கு ஒன்றுபோல் கேட்டாலும் கீழே தள்ளுவது என்று பொருள். ஒருவரைப் பற்றி மினிட்ஸில் தவறிப் போட்டால் அவமானமாகிவிடும்.

கொடுத்த அதிகாரத்தைத் திரும்பப் பெறும்போது 'ரிவோக்' என்று எழுதுங்கள். 'கேன்சல்' பூ ஆர்டருக்குத்தான் பொருத்தம். தேதியையும் குறித்து, பண அனுமதி சம்பந்தப்பட்டதென்றால் அன்றே வங்கிக்கும் எழுத்தில் தெரிவித்துவிடுங்கள்.