படித்தது தேர்வு வரை நிற்க: அட்டை போட்டுப் படிக்கும் முறை

டிஎன்பிஎஸ்சி-க்கு அரசியலமைப்பு படிக்கிறவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன், வேறு எதற்குப் படித்தாலும் முறை இதேதான். நாம் எழுதும் கேள்வி-பதில் அட்டைகளை (முன்பக்கம் கேள்வி, பின்பக்கம் பதில்) இடைவெளி விட்டுத் திரும்பக் கேட்கும் செயலி ஆங்கி (Anki). அதை இறக்குவதெல்லாம் நீங்களே பார்த்துக்கொள்வீர்கள். கணினியிலும் ஆண்ட்ராய்டிலும் இலவசம், ஐபோனில் காசு. பிறர் செய்த ரெடிமேட் அட்டைகள் எனக்குப் பிடிக்காது. அட்டை எழுதும்போதே பாதி படித்தாகிவிடும்.

படி 1: ஒரு பக்கம் படித்ததும் புத்தகத்தை மூடிவிட்டு, நினைவில் இருப்பதை எழுதிப் பாருங்கள். ரோடிகர், கார்பிக்கி என்ற உளவியல் ஆய்வாளர்கள் 2006-இல் வெளியிட்ட சோதனையில், ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது திரும்பத் திரும்ப வாசித்தவர்கள்தான் முன்னே இருந்தார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது பார்க்காமல் எழுதியவர்கள் முந்திவிட்டார்கள்.

படி 2: அட்டையை உடைப்பது. பெரும்பாலோர் மாட்டுவது இங்கேதான். முன்பக்கம் "அவசரநிலைகள் யாவை?", பின்பக்கம் முழுப் பத்தி என்று போட்டால் தேறாது. ஒரே நேரத்தில் மனதில் பிடித்துவைக்க முடிவது கொஞ்சம்தான்: உளவியலாளர் ஜார்ஜ் மில்லர் 1956-இல் ஏழு விஷயம், கூடக்குறைய இரண்டு என்றார், இன்னொரு உளவியலாளர் நெல்சன் கோவன் 2001-இல் அதை நான்கு அளவுக்கு இறக்கினார். அதனால் ஒரு அட்டைக்கு ஒரே கேள்வி. அரசியலமைப்பின் பிரிவு எண்களை எடுத்துக்கொள்ளுங்கள்: 352 தேசிய அவசரநிலை, 356 மாநிலத்தில் குடியரசுத் தலைவர் ஆட்சி, 360 நிதி அவசரநிலை. நான்கு நான்காகக் கூடுவதைக் கவனித்துவிட்டால் மூன்று எண்ணும் ஒரே கொத்தாக உட்கார்ந்துவிடும். அப்புறம் 356-ஐ ஏற்கெனவே தெரிந்த ஒன்றோடு முடிச்சுப் போடுங்கள்: 1976, 1980, 1991-இல் தமிழ்நாட்டில் ஆட்சி கலைந்தது இதன்படிதான். எண்ணைக் கேட்டு ஒரு அட்டை, பொருளைக் கேட்டு இன்னொன்று.

படி 3: தினமும் வருகிற அட்டைகளை அன்றே முடியுங்கள். ஜெர்மன் உளவியலாளர் எபிங்ஹாஸ் 1885-இலேயே தன்னை வைத்துச் சோதித்துக் காட்டினார், மறதி முதல் நாளில்தான் வேகம், பிறகு மெதுவாகிவிடும். செயலி இடைவெளியை நீட்டிக்கொண்டே போவது அதனால்தான். இரவு கண்விழித்துப் படிக்காதீர்கள், படித்தது உறுதிப்படுவதில் தூக்கத்துக்குப் பெரிய பங்கு உண்டு.

பின்சேர்க்கை: "மறந்த அட்டை ஏன் பல நாள் கழித்து வருகிறது?" என்று சிலர் கேட்டிருந்தீர்கள். விடையைப் பார்த்ததும் செயலியில் வரும் பொத்தான்களில், மறந்ததற்கு 'ஹார்ட்' அழுத்துகிறீர்கள். அது 'கஷ்டப்பட்டாலும் ஞாபகம் வந்தது' என்பதற்கு. மறந்துபோனால் 'அகெயின்' மட்டுமே. நான் அகெயின், குட் (ஞாபகம் வந்தது) இரண்டைத் தவிர எதையும் தொடுவதில்லை. அட்டைகள் குவிகிறது என்பவர்கள், தினசரிப் புது அட்டை 20 என்றிருக்கும், அதைப் பத்தாகக் குறையுங்கள்.