கவசச் சண்டை பழக நினைப்பவர் முதலில் தேட வேண்டியது பழைய வேட்டி

ஐரோப்பாவின் இடைக்கால வீரர்களைப் போலக் கவசம் அணிந்து, விதிகளுக்கு உட்பட்டு, பாவனையாக அல்லாமல் மெய்யாகவே அடித்து விளையாடும் கவசச் சண்டை இன்று இரண்டு பெரிய முறைகளில் நடைபெறுகிறது. ஒன்று, 1966-ஆம் ஆண்டு மே முதல் நாளன்று கலிபோர்னியாவின் பெர்க்லி நகரில், ஒரு வீட்டின் கொல்லைப்புறத்தில் நடந்த விருந்திலிருந்து வளர்ந்த எஸ்.சி.ஏ. (சொசைட்டி ஃபார் கிரியேட்டிவ் அனாக்ரனிஸம்) சங்கத்தின் முறை. அதில் தலைக்கவசம் இரும்பு, வாளோ பிரம்பு. மற்றொன்று ‘புகுர்ட்’ எனப்படுவது. அதில் கூர் மழுங்கிய இரும்பு வாளும் கோடரியும் ஏந்தி இரு அணிகள் மோதுகின்றன. ‘பேட்டில் ஆஃப் த நேஷன்ஸ்’ என்னும் அதன் பன்னாட்டுப் போட்டி 2010-இல் உக்ரைனின் ஹோட்டின் கோட்டையில் முதன்முதலாக நடந்தது. புதிதாகத் தொடங்குபவருக்கு நான் பரிந்துரைப்பது பிரம்பு முறையை மட்டுமே. இந்தக் கட்டுரையும் அதைப் பற்றியதே.

நானும் மூன்று நண்பர்களும் நீலகிரியின் கேத்திப் பள்ளத்தாக்கில் இதைப் பழகி வருகிறோம். நான் தொடங்கியது தலைகீழாக. முதலில் இணையத்தில் பார்த்து 7,000 ரூபாய்க்கு ஒரு தலைக்கவசம் வாங்கினேன். பளபளப்பாகவும் கம்பீரமாகவும் இருந்த அந்தப் பொருள் வரவேற்பறையில் வைப்பதற்காகச் செய்யப்பட்டது என்பது, ஒரு வேலிக்கம்பின்மேல் கவிழ்த்து வைத்துப் பிரம்பால் ஓங்கி ஒன்று போட்டபோதுதான் தெரிந்தது. எலுமிச்சம்பழம் உட்காரும் அளவுக்குக் குழி விழுந்தது. அதற்குள் என் தலை இல்லை என்பது மட்டுமே ஆறுதல். அன்று முதல் வருவோரிடமெல்லாம் நான் சொல்வது ஒன்றுதான்: செலவும் உழைப்பும் தோலை ஒட்டிய துணியில் தொடங்கி, வெளிப்புறம் நோக்கிப் போக வேண்டும், இரும்பு கடைசியில் வரட்டும்.

இடம், நேரம், மூச்சு

கேத்தியை அடுத்துள்ள உதகை ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அந்த உயரத்தில் காற்றழுத்தம் கடற்கரையில் உள்ளதைவிடக் கால்பங்கு அளவுக்குக் குறைவு. கவசம் அணிபவருக்கு மலைக்குளிர் பெரும் வசதிதான். சமவெளியில் சிறிது நேரத்திலேயே தலைசுற்றலில் கொண்டுபோய் விடும் வெப்பம் இங்கே இல்லை. ஆனால் மூச்சு விஷயத்தில் மலை சலுகை காட்டாது. முழுத் தகட்டுக் கவசம் 15 முதல் 25 கிலோ வரை இருக்கும் என்பதால், வாளைத் தொடுவதற்கு முன் ஒரு மாதம், முதுகுப்பையில் 10 கிலோ அரிசியை வைத்துக்கொண்டு வீட்டுக்கு அருகிலுள்ள ஏற்றத்தில் வாரம் மூன்று நாள் ஏறி இறங்குங்கள். கோவையிலிருந்தோ திருப்பூரிலிருந்தோ வருபவர், வந்த அன்றே கவசம் மாட்டாமல் ஓரிரு நாள் பொறுப்பது நல்லது. குளிரில் வியர்வை தெரியாது, தாகமும் எடுக்காது. எனவே தாகம் எடுக்காவிட்டாலும் ஒவ்வொரு சுற்றுக்குப் பிறகும் தண்ணீர் குடிக்க வேண்டும்.

காலையில் பனி உலரும் முன் புல்தரையில் கால் வழுக்கும். மாலையில் காட்டெருமைகள் தேயிலைச் சரிவிலிருந்து இறங்கி வரும். ஆகவே நாங்கள் ஒன்பதரைக்குத் தொடங்கி, வெளிச்சம் நன்றாக இருக்கும்போதே மூட்டை கட்டிவிடுகிறோம். அக்கம்பக்கத்தாரிடம் முன்கூட்டியே சொல்லிவைப்பது அவசியம். இரும்பு அணிந்த இருவர் ஒருவரையொருவர் அடித்துக்கொள்வதைத் தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு அது விளையாட்டு என்று தெரிய வழியில்லை. இன்னொன்று: 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டமும் அதன் விதிகளும் வாளையும், வீட்டுக்கும் வேளாண்மைக்கும் உரியவை நீங்கலாக 9 அங்குலத்துக்கு மேல் அலகு நீண்ட கத்தியையும் ஆயுதப் பட்டியலில் வைத்துள்ளன. எனவே அழகுக்காகக்கூட உண்மையான வாள் எதையும் வாங்க வேண்டாம்.

பத்து அடுக்கு மெய்ம்மறை

கவசத்துக்குச் சங்கப் பாட்டில் ‘மெய்ம்மறை’ என்று ஒரு சொல் உண்டு. இரும்புக்கு உள்ளே அணியும் மெத்தைச் சட்டைக்கு நாங்கள் அந்தப் பெயரையே வைத்துக்கொண்டோம். இரும்புத் தகடு அடியைப் பரப்பும். அதன் வேகத்தை வாங்கிக்கொள்வது துணிதான். துணி இல்லாத தகடு கன்றிப்போன தோளையே தரும். பதினைந்தாம் நூற்றாண்டில் பிரான்சின் பதினோராம் லூயி மன்னனது ஆணையொன்று, படைவீரரின் மெத்தைச் சட்டைக்கு 25 முதல் 30 அடுக்குத் துணியும் ஒரு மான்தோலும் வேண்டும் என்றது. அந்தத் துணியும் உடுத்திப் பழகி மென்மையானதாக இருப்பதே நல்லது என்றும் அது குறிப்பிட்டது. உடுத்திப் பழகிய துணிக்கு நம் வீடுகளில் பஞ்சமில்லை. பிரம்பு வாளுக்கு 30 அடுக்கெல்லாம் தேவையில்லை, பத்து போதும்.

எட்டு முழப் பருத்தி வேட்டி ஒன்றில் உடற்பகுதிக்கு இரண்டு அடுக்கு தேறும். ஐந்து வேட்டிகளைச் சேகரித்துக்கொள்ளுங்கள். பாலியஸ்டர் கலந்த வேட்டி காற்றை அடைத்து வியர்வையைத் தேக்கும் என்பதால் அது ஆகாது. எல்லாவற்றையும் வெந்நீரில் அலசி, முழுவதுமாகச் சுருங்கவிட்டு, உலர்த்திய பிறகே வெட்ட வேண்டும். வெளியடுக்குக்கு முரட்டுக் காடாத்துணியோ மெல்லிய கேன்வாஸோ எடுத்துக்கொள்ளலாம். உங்களுக்குத் தளர்வாக இருக்கும் பழைய சட்டை ஒன்றின் தையலைப் பிரித்து, அதையே அளவுக்கு வைத்து, சுற்றளவில் நான்கு அங்குலம் கூட்டி வெட்டுங்கள்; அடுக்குகளைச் சேர்த்துத் தைக்கும்போது அந்த நான்கு அங்குலமும் காணாமல் போய்விடும். அடுக்குகளை ஒன்றின்மேல் ஒன்றாகப் பரப்பிக் கையால் நூலோட்டிவிட்டு, நடுவிலிருந்து தொடங்கி இரு ஓரங்களை நோக்கி, இரண்டு அங்குல இடைவெளியில் மேலிருந்து கீழாக வரிவரியாகத் தைக்க வேண்டும். ஓரத்திலிருந்து நடுவுக்குத் தைத்தால் துணியெல்லாம் நெஞ்சில் வந்து குவிந்துகொள்ளும்.

வீட்டுத் தையல் இயந்திரம் இதைத் தாங்காது. என் அம்மாவின் இயந்திரத்தில் மூன்று ஊசிகளை உடைத்த பிறகு, ஜீப்புகளுக்கு இருக்கை உறை தைக்கும் ஒருவரிடம் கொண்டுபோனேன். அவர் துணியைக் கையில் தூக்கிப் பார்த்து, “இது சட்டையா, சீட்டா தம்பி?” என்று கேட்டுவிட்டு, அரை மணி நேரத்தில் முடித்துக் கொடுத்தார்.

கைகளைச் சேர்க்கும் இடத்தில் சற்று நிதானம் வேண்டும். சாதாரணச் சட்டையைப் போலக் கையை இணைத்தால், கையை உயர்த்தும்போது சட்டை முழுவதும் மேலே ஏறி, இடுப்பு வெறுமையாகிவிடும். 1364-இல் போரில் இறந்த பிளோவாவின் சார்லஸ் என்னும் பிரெஞ்சுப் பிரபுவுடையதாகக் கருதப்படும் மெத்தைச் சட்டையொன்று லியோன் நகரத் துணி அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதன் கைத்துளைகள் மார்பின் நடுப்பகுதி நோக்கி வட்டமாக, மிக அகலமாக வெட்டப்பட்டுள்ளன. நமக்கு அவ்வளவு நுணுக்கம் கைவராது. அக்குளின் அடிப்பகுதியை நான்கு விரற்கடை தைக்காமல் திறந்துவிட்டாலே கை தடையின்றித் தலைக்குமேல் போகும், காற்றும் வரும். முன்பக்கத்துக்குப் பொத்தான் வேண்டாம், நாடா கட்டிவிடுங்கள். பொத்தான்மேல் அடி விழுந்தால் அதன் வட்டம் நெஞ்சில் அப்படியே பதியும்.

தலை

தலைக்கவசத்தை நீங்களே செய்ய முயல வேண்டாம். மோட்டார் சைக்கிள் தலைக்கவசம் இதற்கு உதவாது; ஒரே ஒரு மோதலில் நசுங்கி உயிரைக் காப்பதற்காகவே அதன் உள்நுரை அமைக்கப்பட்டிருக்கிறது, நூறு அடி வாங்குவதற்காக அல்ல. டேராடூன் பக்கத்தில் வெளிநாட்டு ஏற்றுமதிக்காகக் கவசம் செய்யும் பட்டறைகள் உள்ளன. வாங்கும்போது மூன்று கேள்விகளை எழுத்திலேயே கேளுங்கள். தகடு 16 கேஜ், அதாவது 1.6 மில்லிமீட்டர், இருக்கிறதா? முகக்கம்பிகளின் இடைவெளி ஒரு அங்குலத் தடியை உள்ளே விடாத அளவுக்கு நெருக்கமா? முகக்காப்பு தாடைக்குக் கீழும் ஒரு அங்குலம் இறங்குகிறதா? ‘கனமான இரும்பு’ என்று மட்டும் பதில் வந்தால், என் 7,000 ரூபாயை நினைத்துக்கொண்டு வேறிடம் பாருங்கள்.

உட்புறம் முழுவதும் குறைந்தது அரை அங்குலக் கனத்துக்கு அடர்த்தியான நுரை ஒட்ட வேண்டும். யோகா விரிப்பை வெட்டி இரண்டு மடிப்பாக ஒட்டினால் சரியாக வரும். தாடைப்பட்டை கட்டாயம். பட்டையை மாட்டிக்கொண்டு குனிந்து, நண்பரை விட்டு முகக்கம்பியைப் பிடித்து அசைக்கச் சொல்லுங்கள். கம்பி மூக்கைத் தொட்டால் நுரை போதவில்லை என்று பொருள்.

கழுத்து, கை, முட்டி

இதில் பாதி விளையாட்டுப் பொருள் கடையிலேயே கிடைக்கும். இடுப்புக்குக் கீழ் கிரிக்கெட் கார்டு, முழங்காலுக்கு ஸ்கேட்டிங் காப்பு, சிறுநீரகப் பகுதிக்குக் கனமான அகலத் தோல்பட்டை ஆகியவை தொடக்கத்துக்குப் போதும். கழுத்துக்குத் தடித்த தோலில் நுரை வைத்த பட்டை தேவை. அது தொண்டையையும் பின்கழுத்து எலும்பையும் மறைக்க வேண்டும்.

முழங்கைக்கு மட்டும் இரும்புக் கிண்ணம் செய்துகொள்ளலாம். நீலகிரியில் கோத்தர்கள் மரபாகவே கொல்லுவேலையில் பேர்பெற்றவர்கள். ஆனால் அரிவாளும் கொத்தும் அடிக்கும் வேலை வேறு, தகட்டைக் குழிப்பது வேறு. பின்னதற்கு வண்டிகளின் நசுங்கலை எடுக்கும் டிங்கரிங் பட்டறைதான் பொருத்தம். மரக்கட்டையில் குழி வெட்டி, உள்ளங்கை அளவுத் தகட்டை அதன்மேல் வைத்து, உருண்டை முகச் சுத்தியலால் ஓரத்திலிருந்து நடுவை நோக்கிச் சுற்றிச் சுற்றி அடித்தால் கிண்ணம் வந்துவிடும்.

விரல்களை யாரும் பொருட்படுத்துவதில்லை, நானும் பொருட்படுத்தவில்லை. கிரிக்கெட் பேட்டிங் கையுறை விரல்களின் மேற்புறத்தைக் காக்கும், கட்டைவிரலின் பக்கவாட்டைக் காக்காது. அந்த இடைவெளியில் விழுந்த ஓர் அடியால் ஆறு வாரம் சட்டைப் பொத்தான் போட முடியாமல் இருந்தேன். ஆகவே கைப்பிடியைச் சுற்றி 6 மில்லிமீட்டர் கம்பியில் ஒரு கூடு வெல்டிங் செய்து, கையுறையுடன் அதற்குள் பிடிக்க வேண்டும்.

பிரம்பு வாளும் கேடயமும்

வாளுக்கு 32 மில்லிமீட்டர் பருமனுள்ள பிரம்பு தேவை. சிலம்பப் பிரம்பு பெரும்பாலும் இதைவிட மெலிது. மூங்கில் கூடவே கூடாது. அது உடையும்போது ஊசியாகச் சிதறி முகக்கம்பிக்குள் நுழையும், பிரம்போ நார்நாராகத் தளர்ந்து மெதுவாகத்தான் சாகும். காப்புக்காட்டில் புகுந்து வெட்டுவது குற்றம் என்பதால், பிரம்பு நாற்காலி செய்வோரிடம் விலைக்கு வாங்குங்கள். கைப்பிடியோடு சேர்த்து 36 முதல் 38 அங்குலத்துக்கு அறுத்து, முனையை உருட்டி, முழுவதும் துணிநாடா டேப் சுற்றி, வெட்டும் விளிம்பு எது என்பது தெரியும்படி வேறு நிற டேப்பில் ஒரு கோடு ஒட்டுங்கள்.

கேடயத்துக்கு 12 மில்லிமீட்டர் பிளைவுட்டில் 24 அங்குல வட்டம் வெட்டினால் சுமார் 2 கிலோ வரும். விளிம்பில் தோட்டத்துத் தண்ணீர்க் குழாயை நீளவாக்கில் கீறி மாட்டிக் கட்டிவிட வேண்டும்.

முதலில் கம்பம், பிறகு ஆள்

தரையில் நட்ட தைலமரக் கம்பத்தில் பழைய டயரைக் கட்டி, அதையே முதல் மாதத்து எதிரியாகக் கொள்ளுங்கள். பாதங்களைத் தோளகலத்துக்கு வைத்து, அடியின் வேகத்தைக் கையிலிருந்து எடுக்காமல் இடுப்பின் திருப்பத்திலிருந்து எடுக்கப் பழக வேண்டும். கை மட்டும் வீசினால் இருபதாவது அடியில் தோள் ஓய்ந்துவிடும். ஒரு பக்கத்துக்கு 50 அடி வீதம், தலை, தோள், தொடை என்ற மூன்று உயரங்களிலும் அடித்துப் பழகுங்கள். ஆளோடு ஆள் நிற்கும்போது முதல் சில வாரங்களுக்கு, முழுக் கவசத்துடன், நீருக்குள் அசைவதுபோன்ற மெதுவான வேகமே போதும்.

விதிகள் எளியவை. மணிக்கட்டிலிருந்து கீழேயும், முழங்காலுக்கு ஒரு அங்குலம் மேலிருந்து பாதம் வரையும் அடிக்கக் கூடாது. கையில் அடிபட்டால் அந்தக் கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோக வேண்டும். தொடையில் பட்டால் மண்டியிட்டுச் சண்டையைத் தொடர வேண்டும். தலையிலோ உடலிலோ பட்டால் ஆட்டம் முடிந்தது. அடி போதிய பலத்தோடு விழுந்ததா என்பதை அடிபட்டவரே அறிவிக்க வேண்டும் என்பதே இந்த முறையின் உயிர். எங்கள் குழுவில் சிலம்பம் கற்ற இளைஞர் ஒருவர், தொட்டாலே புள்ளி என்ற கணக்கு ஊறிப்போனவர், பிரம்பு உரசும் ஒவ்வொரு முறையும் நின்றுவிடுவார். “தொட்டதெல்லாம் கணக்கில்லை தம்பி, பட்டால்தான் கணக்கு” என்று சொன்னால், “பட்டதான்னு எப்படிண்ணா தெரியும்?” என்பார். அடி எப்படி ஒலிக்கிறது என்பதைக் கம்பத்துப் பயிற்சிதான் சொல்லித்தரும்: உரசலுக்கு வறட்டுச் சத்தம், நேராக விழும் அடிக்குக் கனத்த ‘தொம்’. யாரேனும் ‘நில்!’ என்று கத்தினால், காரணம் கேட்காமல் எல்லோரும் இருந்த இடத்திலேயே உறைய வேண்டும்.

ஒரு நிமிடச் சண்டை, இரண்டு நிமிட ஓய்வு என்று வைத்துக்கொள்ளுங்கள். தலையில் அடிபட்ட பின் கிறுகிறுப்போ, குமட்டலோ, பார்வை இரட்டையாகத் தெரிவதோ இருந்தால், அன்றைக்கு ஆட்டம் இல்லை. மருத்துவரைப் பார்க்க வேண்டும். மருத்துவர் அனுமதிக்கும் வரை அடிபட்டவர் கவசம் மாட்டக் கூடாது.

துருவும் ஈரமும்

மலைமூடுபனியில் இரும்பு ஓரிரவிலேயே செம்மை ஏறும். ஒவ்வொரு முறையும் உலர்துணியால் துடைத்து, தையல் இயந்திர எண்ணெயை மெல்லிய படலமாகப் பூச வேண்டும். தேங்காய் எண்ணெய் இங்கே பெரும்பாலான மாதங்கள் பாட்டிலுக்குள்ளேயே உறைந்து கிடக்கும். பூசினாலும் பிசுக்காகித் தூசியைப் பிடித்துக்கொள்ளும். நீலகிரித் தைலம் ஆவியாகிவிடும் என்பதால் துருவைத் தடுக்காது, ஆனால் வாளில் பழைய டேப்பின் பசையைத் துடைத்தெடுக்க அதற்கு இணை இல்லை. மெய்ம்மறையை மாதம் ஒருமுறை துவைத்தால், மழைக்காலத்தில் உலர நான்கைந்து நாள் ஆகும். அடுப்புக்கு மேலுள்ள கொடியில் போட்டால் இரண்டு நாளில் உலர்ந்துவிடும். விறகுப்புகை வாடை மட்டும் அடுத்த துவைப்பு வரை போகாது.