அப்பாவின் கணினியைத் திறந்தது இப்படித்தான் (என் அனுபவம்)

அப்பா தவறி மூன்று மாதம் கழித்துத்தான் அவருடைய கணினியைத் தூசி தட்டி எடுத்தோம். உபுண்டு என்ற இயங்குதளம் போட்டிருந்தார், பாஸ்வேர்ட் யாருக்கும் தெரியாது. அம்மாவின் பெயர், வீட்டு எண், பழைய ஸ்கூட்டர் நம்பர் என்று எல்லாம் போட்டுப் பார்த்தாயிற்று. கடையில் கேட்டால் ஃபார்மட் செய்துவிடலாம் என்றார்கள், எங்களுக்கு வேண்டியதே உள்ளே இருந்த படங்கள்தான், எப்படிச் சம்மதிப்பது?

சரி, நாமே பார்ப்போம் என்று உட்கார்ந்தேன். ஆன் செய்ததும் ஷிஃப்ட் விசையை அழுத்திப் பிடித்தால் (யூஇஎஃப்ஐ என்ற புதுவகைத் தொடக்க மென்பொருள் உள்ள கணினி என்றால் எஸ்கேப்பைத் தட்ட வேண்டும்) க்ரப் என்ற தொடக்கப் பட்டியல் வரும், அதில் அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், அப்புறம் ரெக்கவரி மோட், அதற்குள் ரூட் (எல்லா அதிகாரமும் உள்ள நிர்வாகிக் கணக்கு). கறுப்புத் திரை வந்தது. அப்பா என்ன பயனர்பெயர் வைத்திருந்தார் என்பதே தெரியாது, பயனர்களின் கோப்புகள் இருக்கும் ஹோம் கோப்புறையைப் பட்டியலிட்டதும் தெரிந்துவிட்டது. பாஸ்வேர்டை மாற்றும் கட்டளையை அடித்தேன், பிழை காட்டியது. நான் இங்கேதான் ஒரு மணி நேரம் தவித்தேன். அந்த நிலையில் டிஸ்க் படிக்க மட்டுமே திறந்திருக்கும், எழுதவும் முடிகிற மாதிரி ரீமவுன்ட் செய்துவிட்டு (அதாவது மறுபடி இணைத்துவிட்டு) மறுபடி அடித்ததும் ஏற்றுக்கொண்டது.

டிஸ்க்கை என்க்ரிப்ட் செய்திருந்தால் (பாஸ்வேர்ட் இல்லாமல் படிக்க முடியாதபடி குறியாக்கியிருந்தால்) இந்த வழி பலிக்காது. பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகளும் எங்களுக்குத் திறக்கவில்லை, அவற்றைப் பூட்டி வைத்திருக்கும் கீரிங் பழைய பாஸ்வேர்டையே கேட்டது.

உள்ளே போனதும் டெஸ்க்டாப்பில் 'பேத்தி' என்று ஒரு கோப்புறை. அம்மா அதை முதலில் திறக்கச் சொன்னார்.