பெவர்லி மின்ஸ்டரின் வயதைக் கணிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் ஆறு பேரைக் கூட்டிக்கொண்டு பெவர்லி மின்ஸ்டருக்குப் போயிருந்தேன். பழைய தேவாலயங்களின் கட்டட வரலாற்றை எழுதப் பழகுகிறவர்கள். இங்கிலாந்தில் யார்க்‌ஷயரின் கிழக்குப் பகுதியில் இருக்கும் சிறிய ஊர் பெவர்லி. தேவாலயமோ பல பேராலயங்களுக்கு ஈடான அளவு, சுமார் 100 மீட்டர் நீளம். அரை மணி நேரம் சுற்றிவிட்டு வந்து எல்லோரும் குறிப்பேட்டைக் காட்டினார்கள். ஆறில் நான்கு ஏடுகளில், பதினெட்டு வருடங்களுக்கு முன் நான் எழுதிய அதே வாக்கியம் இருந்தது: "தேவாலயம் முழுவதும் 13ஆம் நூற்றாண்டில் ஒரே மூச்சில் கட்டப்பட்டது."

படித்ததும் வயிற்றைப் பிசைந்தது. அந்த வாக்கியம் எனக்கு எவ்வளவு செலவு வைத்தது என்பது எனக்குத்தான் தெரியும். அதனால்தான் இதை எழுதுகிறேன். ஆண்டை மாற்றி எழுதுவது, வடக்கையும் தெற்கையும் குழப்பிக்கொள்வது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். அவை இரண்டாவது வாசிப்பிலேயே பிடிபட்டுவிடும்.

'கல்லூரித் தேவாலயம்' என்று எழுதுவது

தமிழில் எழுதுகிறவர்கள் எல்லோரும் தடுக்கி விழும் இடம் இது. பெவர்லி மின்ஸ்டர் ஒரு கொலீஜியேட் தேவாலயமாக இருந்தது. அந்தச் சொல்லைக் கேட்டதும் கல்லூரி நினைவுக்கு வருகிறது. உடனே மாணவர்கள், வகுப்பறை, பட்டம் என்று மனம் ஓடிவிடுகிறது. இங்கே அந்தச் சொல்லுக்கு ஒரு குழாம் என்றுதான் பொருள். கானன்கள் என்ற குருமார் ஒரு குழுவாகச் சேர்ந்து ஒரு தேவாலயத்தை நடத்தினார்கள். அதன் சொத்தும் வருமானமும் அந்தக் குழுவுக்கு உரியவை. ஆயரின் இருக்கை அங்கே கிடையாது, ஆகவே அது பேராலயமும் அல்ல.

இன்னொரு பக்கம், மடம் என்ற சொல்லிலிருந்து வந்த 'மின்ஸ்டர்' என்ற பெயரைப் பார்த்துவிட்டுத் துறவிகளின் மடம் என்று எழுதுகிறவர்களும் உண்டு. யார்க் ஆயராக இருந்த ஜான் 8ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கே நிறுவியது மடம்தான். அவர் 721இல் இறந்து இங்கேயே அடக்கம் செய்யப்பட்டார். ஆனால் நாம் இன்று பார்க்கும் கட்டடத்தை எழுப்பியவர்கள் துறவிகள் அல்லர், கானன்கள். அவர்களுக்குத் தனித்தனி வீடும் தனித்தனி வருமானமும் இருந்தன. பலர் ஊரிலேயே இருப்பதில்லை. அவர்களுக்குப் பதிலாக விகார்கள் எனப்படும் பதிலாட்கள் நின்று பாடினார்கள்.

இதைப் புரிந்துகொள்ளாமல் போனால் கட்டடத்தின் அமைப்பே பிடிபடாது. பெவர்லியில் கானன்களின் பதவிகள் தேவாலயத்துக்குள் இருந்த பீடங்களின் பெயராலேயே அழைக்கப்பட்டன: புனித மார்ட்டின் பீடம், புனித அந்திரேயா பீடம் என்று. இத்தனை பீடங்களுக்கு இடம் வேண்டும். சிலுவையின் கைகள் போல வடக்கு தெற்காக நீளும் குறுக்குக்கூடம் ஒன்றுக்கு இரண்டாக இருப்பதையும், பெரிய குறுக்குக்கூடத்துக்குக் கிழக்கிலும் மேற்கிலும் பக்கவழி, அதாவது தூண்வரிசைக்கு அப்பால் ஓடும் நடைவழி, இருப்பதையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். மடத்து முற்றத்தைத் தேடி வெளியே சுற்றிக்கொண்டிருந்தால் இதெல்லாம் கண்ணில் படாது.

பாணியைப் பார்த்து ஆண்டு போடுவது

இதுதான் நான் செய்த தவறு. இன்றும் நினைத்தால் எரிச்சல் வருகிறது, கொஞ்சம் நீளமாகவே சொல்லிவிடுகிறேன்.

நான் முதன்முதலில் போனது மழை பெய்த ஒரு செவ்வாய்க்கிழமை. உள்ளே ஆளே இல்லை. மக்கள் கூடும் நீண்ட நடுக்கூடத்தின் மேற்கு முனையில் நின்று கிழக்கே பார்த்தேன். சுவர் மூன்று அடுக்கு. கீழே பெரிய கூர்வளைவுகள், மேலே ஜன்னல்கள், இரண்டுக்கும் நடுவே ட்ரைஃபோரியம் என்னும் இடையடுக்கு. பெவர்லியின் இடையடுக்கை ஒரு தடவை பார்த்தால் மறக்க முடியாது. முன்னால் மூவிதழ் வடிவ வளைவுகள் ஒரு வரிசை. அதற்குப் பின்னால், சுவரோடு ஒட்டி, உயரம் குறைந்த இன்னொரு வரிசை. முன்வரிசையும் பின்வரிசையும் ஒன்றுக்கொன்று நேராக இல்லாமல் விலகி நிற்கும். லிங்கன் பேராலயத்தில் 1190களில் தொடங்கிய பாடகர் பகுதியிலும், அதாவது குருமார் வழிபாட்டில் பாடும் கிழக்குப் பகுதியிலும், இப்படி ஒரு விளையாட்டு உண்டு. அந்த வடிவம் கிழக்குச் சுவரிலிருந்து நான் நின்ற இடம்வரை தூணுக்குத் தூண் அப்படியே வந்தது. ஒரே வடிவம், ஆகவே ஒரே காலம். கிழக்குப் பகுதி 1220 வாக்கில் தொடங்கி 1260 வாக்கில் முடிந்தது என்று ஏற்கெனவே படித்திருந்தேன். அந்த ஆண்டுகளை நடுக்கூடத்துக்கும் சேர்த்து நீட்டிவிட்டேன்.

ஒரு சுற்றுலாக் குழுவுக்காக நான்கு பக்கக் கையேடு எழுதி, 500 பிரதி அச்சடித்தும் ஆயிற்று. குழு வந்த அன்று, ஓய்வுபெற்ற கல்தச்சர் ஒருவர் கையேட்டை நின்றபடியே வாசித்தார். எதுவும் சொல்லாமல் என் முழங்கையைப் பிடித்துப் பாடகர் பகுதிக்குக் கூட்டிப்போய் ஒரு தூணின் தலைப்பகுதியான போதிகையைக் காட்டினார். அதில் இலைகள் தண்டோடு நேராக எழும்பி, நுனியில் மட்டும் உருண்டு சுருண்டிருந்தன. எந்தச் செடியின் இலையும் அல்ல, தச்சனின் கற்பனை இலை. அப்புறம் நடுக்கூடத்துக்குத் திரும்பி இன்னொரு போதிகையைக் காட்டினார். அங்கே இலைகள் புடைத்து, கொப்புளம் கொப்புளமாக, தூணின் கழுத்தைச் சுற்றி மாலை போலப் படர்ந்திருந்தன. "இந்த இரண்டையும் ஒரே கை செதுக்கியிருக்குமா?" என்று கேட்டார். அவ்வளவுதான். அதற்கு மேல் அவர் பேசத் தேவையே இருக்கவில்லை.

நடுக்கூடம் 14ஆம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டு வாக்கில் தொடங்கியது. கிழக்குப் பகுதி முடிந்து ஏறத்தாழ அரை நூற்றாண்டு கழிந்த பிறகு. புதிதாக வந்த தச்சர்கள் தங்கள் காலத்துப் பாணியைச் சுவருக்குக் கொண்டுவரவில்லை. தாத்தாக்கள் போட்ட கணக்கையே எடுத்து, அதே உயரத்தில், அதே இடையடுக்கோடு தொடர்ந்தார்கள். புனிதர் ஜானின் கல்லறை இருக்கும் வீடு ஒரே வீடாகத் தெரிய வேண்டும் என்று கானன்கள் விரும்பியிருப்பார்கள் என்பது என் எண்ணம்.

சரி, பெரிய வடிவம் ஏமாற்றும் என்றால் எதைப் பார்ப்பது? சின்ன விஷயங்களை. பழைய வடிவத்தைத் தொடர வேண்டும் என்று முடிவெடுத்த தச்சனும், விளிம்பில் ஒரு இலை செதுக்கும்போது தான் பழகிய மாதிரியில்தான் செதுக்குகிறான். பெவர்லியில் போதிகைகளைப் பாருங்கள். பக்கவழி ஜன்னல்களைப் பாருங்கள்: கிழக்கில் ஈட்டிமுனை போன்ற ஒடுங்கிய ஜன்னல்கள், நடுக்கூடப் பக்கவழியில் தீச்சுடர் போல நெளியும் கல் பின்னல். கிழக்கில் டார்செட் கடற்கரையிலிருந்து வந்த கருமையான பர்பெக் கல் மெல்லிய தூண்களாக எங்கும் நிற்கிறது. நடுக்கூடத்தில் அது வெகுவாகக் குறைந்துவிடுகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, வடக்குப் பக்கவழியின் சுவரோடு நடந்துபோங்கள். அங்கே இருக்கும் வளைவுகள் முதலில் வெளியே புடைத்து, பிறகு உள்வாங்கி, உச்சியில் கூராக எழும். ஓஜீ வளைவு என்பார்கள். இங்கிலாந்தில் 13ஆம் நூற்றாண்டின் கடைசியில்தான் இது தலைகாட்டுகிறது. அந்த வளைவுகளோடு குழல் ஊதுகிறவர்கள், பறை கொட்டுகிறவர்கள், நரம்பிசைக் கருவி வாசிக்கிறவர்கள் என்று இசைக்காரர்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். அன்று நான் அவர்களைப் பார்த்துச் சிரித்துவிட்டுக் கடந்துபோனேன். தலைக்கு மேல் இருந்த வளைவு எந்தக் காலத்தது என்று ஒரு நிமிடம் நின்று பார்க்கவில்லை.

பெவர்லி மட்டும் இப்படி இல்லை. லண்டனில் வெஸ்ட்மின்ஸ்டர் அபே தேவாலயத்தை மன்னர் மூன்றாம் ஹென்ரி 1245இல் தொடங்கினார். 1272இல் அவர் இறந்தார், வேலை நடுக்கூடத்தின் பாதியில் நின்றது. 1376இல் மீண்டும் தொடங்கியபோது பொறுப்பில் இருந்தவர் ஹென்ரி யெவெலி. அந்தக் காலத்தின் பெரிய கட்டடக் கலைஞர். புதிதாக எதையும் செய்துகாட்டக் கூடியவர். அவரும் பழைய வடிவத்தையே தொடர்ந்தார். தூரத்திலிருந்து பார்த்தால் நூறு ஆண்டு இடைவெளி தெரியவே தெரியாது.

500 பிரதியையும் கிழித்துப் போட்டுவிட்டு, என் கைக்காசில் மறுபடி அச்சடித்தேன். பணம் போனதைக்கூட மறந்துவிடலாம். அதற்குள் முதல் கையேட்டில் ஒன்று யார் கைக்கோ போய், என் வாக்கியம் இன்னொரு சிறு நூலில் ஏறிவிட்டது. அதைப் படித்தவர்கள் வேறு இடங்களில் எழுதுகிறார்கள். போன மாதம் நான் பார்த்த நான்கு குறிப்பேடுகளில் இரண்டு, கண்ணால் பார்த்து எழுதியவை அல்ல. வீட்டிலேயே படித்துவிட்டு வந்து எழுதியவை. நான் ஊற்றிய விஷம் சுற்றி என்னிடமே வந்து சேர்ந்தது.

மேற்கு முகப்பிலிருந்து கதையைத் தொடங்குவது

கட்டியது கிழக்கிலிருந்து. நீங்களும் கிழக்கிலிருந்தே தொடங்குங்கள்.

அந்த இரட்டைக் கோபுர முகப்பு 14ஆம் நூற்றாண்டின் கடைசியிலும் 15ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் எழுந்தது. 1349இல் கொள்ளைநோய் வந்துபோன பிறகு. முகப்பைப் பார்த்த கண்ணோடு உள்ளே போனால் எல்லாமே அந்தக் காலத்தது போலத் தோன்றும்.

ஜன்னலின் வயதைச் சுவருக்குக் கொடுப்பது

கிழக்குச் சுவர் 13ஆம் நூற்றாண்டு. அதில் இருக்கும் பெரிய ஜன்னல் 15ஆம் நூற்றாண்டு. சுவரை விட்டுவிட்டு ஜன்னலை மட்டும் மாற்றுவது அந்தக் காலத்தில் சாதாரணம்.

தீ விபத்து நடந்த மறுநாளே புதுக் கட்டடம் தொடங்கியதாக எழுதுவது

1188 செப்டம்பரில் ஊரும் தேவாலயமும் எரிந்தன. 1664இல் புனிதரின் கல்லறையைத் தோண்டியபோது கிடைத்த ஈயத் தகடு இதைச் சொல்கிறது: 1188இல் தீ, 1197இல் எலும்புகளைத் தேடி எடுத்து மறுபடி அடக்கம் செய்தார்கள். நல்ல சான்று. ஆனால் புதிய கட்டடத்தைப் பற்றி அந்தத் தகடு ஒரு வார்த்தை பேசவில்லை.

தீக்குப் பிறகு அவர்கள் பழைய நார்மன் தேவாலயத்தைப் பழுதுபார்த்து, அதன் நடுவே உயரமான கோபுரம் ஒன்றை எழுப்பினார்கள். உறுதியை விட அழகில் கண்வைத்த வேலை, பழைய கல்லோடு புதிய கல் பிடிக்கவில்லை என்று புனிதரின் அற்புதங்களைத் தொகுத்தவர் வருத்தத்தோடு எழுதியிருக்கிறார். 1213 வாக்கில் கோபுரம் இடிந்தது. இன்று நாம் பார்க்கும் கிழக்குப் பகுதி அதற்குப் பிறகு வந்தது. தீக்கும் அடித்தளத்துக்கும் நடுவே முப்பது ஆண்டுகள் கிடக்கின்றன. அதை ஒரு காற்புள்ளியால் தாண்டிவிடாதீர்கள்.

இரண்டு கோபுரங்களையும் ஒன்றாக்கிவிடுவது

அதே ஊரின் இன்னொரு முனையில் புனித மரியாள் தேவாலயம் இருக்கிறது. அது பங்குத் தேவாலயம், அதாவது ஊர்மக்கள் வழிபடும் தேவாலயம், அதுவும் அழகானது. அங்கும் கோபுரம் விழுந்தது, 1520இல், ஞாயிற்றுக்கிழமை வழிபாட்டின்போது, ஆட்கள் மேல். மின்ஸ்டரின் கோபுரம் விழுந்தது அதற்கு முந்நூறு ஆண்டுக்கு முன். குழப்பத்தைக் கூட்ட இன்னும் இரண்டு விஷயங்கள் உண்டு. மின்ஸ்டரில் கானன்கள் சாய்ந்து நிற்க உதவிய 68 மடக்கு இருக்கைகளின் அடிப்பலகைச் சிற்பங்களும் 1520ஐச் சேர்ந்தவைதான். மரியாள் தேவாலயத்திலும் இசைக்காரர் சிற்பங்கள் உண்டு, ஒரு தூணின் மேல் வண்ணம் பூசி நிற்கிறார்கள். இரண்டு தேவாலயத்துக்கும் ஒரே நாளில் போனால் புகைப்படங்களைத் தனித்தனி உறையில் போட்டு வையுங்கள். நான் இப்போதும் அப்படித்தான் செய்கிறேன்.

முகப்புச் சிலைகளை இடைக்காலத்தவை என்பது

விக்டோரியா காலத்தில் வைத்தவை. பாடகர் பகுதியின் மரத்தட்டியும் அப்படியே.

சுவர் நேராக நிற்கிறதே என்று நம்புவது

வடக்குக் குறுக்குக்கூடத்தின் முகப்புச் சுவர் 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நான்கு அடி வெளியே சாய்ந்து தொங்கிக்கொண்டிருந்தது. ஆலோசனை சொன்னவர் கட்டடக் கலைஞர் நிக்கலஸ் ஹாக்ஸ்மூர். வேலையைச் செய்தவர் யார்க் நகரத்து வில்லியம் தார்ன்டன், தொழிலால் மரத்தச்சர். முகப்பை முழுவதுமாக மரச்சட்டத்தால் அணைத்து, கொஞ்சம் கொஞ்சமாக நெருக்கி, சுவரை நிமிர்த்தி வைத்தார். ஆகவே இன்றைய செங்குத்து 13ஆம் நூற்றாண்டின் அஸ்திவாரத்துக்குச் சான்று ஆகாது. "அடித்தளம் உறுதியாகப் போடப்பட்டிருந்தது" என்று ஒருவர் எழுதியிருந்தார். அடிக்கோடிட்டுக் கொடுத்தேன்.

இருப்பதை மட்டும் எழுதுவது

பாடகர் பகுதியின் வடக்குப் பக்கவழியில் ஒரு படிக்கட்டு இருக்கிறது. இடமிருந்தும் வலமிருந்தும் இரண்டு வரிசைப் படிகள் ஏறி நடுவில் ஒரு வாசலில் சேர்கின்றன. கைப்பிடிபோல் படியோடு சேர்ந்தே ஏறும் சிறு வளைவுகள், பர்பெக் கல் தூண்கள், இலைச் செதுக்கல் என்று 13ஆம் நூற்றாண்டின் மிக நேர்த்தியான வேலை. ஆறு பேரும் அதைப் படம் பிடித்தார்கள். எங்கே போகிற படி என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை.

கானன்கள் கூடிப் பேசிய மன்ற மண்டபத்துக்குப் போகிற படி அது. 1548இல் அரசு கொலீஜியேட் குழாம்களைக் கலைத்தபோது பெவர்லியின் குழாமும் கலைந்தது. ஊர்மக்கள் தேவாலயத்தைத் தங்கள் பங்குத் தேவாலயமாக மீட்டுக்கொண்டார்கள். மன்றம் இல்லாத ஊரில் மன்ற மண்டபத்துக்கு வேலை இல்லை, அது இடிக்கப்பட்டது. படிகள் மட்டும் நின்றுவிட்டன. ஏறினால் சேர வேண்டிய மண்டபம் அங்கே இல்லை.