பெருந்திரைக்குக் காட்டைப் படமெடுப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காட்டுயிர்ப் படம் எடுக்க வரும் தம்பி தங்கைகளில் சிலருக்கு இப்போது பெருந்திரை ஆசை வந்திருக்கிறது. ஐமேக்ஸ் திரைக்கோ, அறிவியல் மையத்தின் குவிமாட அரங்குக்கோ ஒரு படம் செய்ய வேண்டும் என்று கிளம்புகிறார்கள். நல்ல ஆசை. யானைக் கூட்டத்தின் நடுவில் நிற்பதுபோல, பவளப்பாறைகளுக்கிடையே மிதப்பதுபோல ஒரு பள்ளிக்கூடப் பிள்ளையை உணரவைக்க இதற்கு இணையான கருவியை நான் பார்த்ததில்லை. ஆனால் அவர்கள் கொண்டுவந்து காட்டும் காட்சிகளில், நாங்கள் இந்தத் தொழிலுக்கு வந்த புதிதில் செய்த அதே பிழைகள் மாறாமல் இருக்கின்றன.

பேட்டரி தீர்ந்தது, கார்டை அழித்தது, லென்ஸில் பூஞ்சை பிடித்தது போன்றவற்றை எழுதப்போவதில்லை. ஒருமுறை பட்டால் தானாகத் திருந்திவிடுவார்கள். பட்ட பிறகும் பிழை எங்கே நடந்தது என்று தெரியாமல் போகும் சில தவறுகளை மட்டும் எழுதுகிறேன்.

எந்தத் திரை என்று கேட்காமல் கிளம்புவது

பெருந்திரை என்ற ஒரே பெயருக்குள் பல வடிவங்கள் இருக்கின்றன. ஐமேக்ஸின் மூல வடிவத்தில் 70 மி.மீ. ஃபிலிம் கிடைமட்டமாக ஓடும்; ஒரு ஃப்ரேமுக்கு, அதாவது ஒரு தனிப் படத்துக்கு, ஃபிலிம் ஓரத்தில் 15 துளைகள். 1970இல் ஜப்பானின் ஒசாகா உலகக் கண்காட்சியில் முதலில் காட்டினார்கள். அடுத்த ஆண்டே கனடாவின் டொரான்டோவில் நிரந்தர அரங்கு வந்துவிட்டது. அந்தத் திரையின் அகல உயர விகிதம் 1.43:1. அதாவது பழைய டிவிப் பெட்டியின் வடிவத்துக்குப் பக்கத்தில் வரும். சென்னை மால்களில் இருக்கும் டிஜிட்டல் ஐமேக்ஸ் திரைக்கு விகிதம் 1.90:1. குவிமாடத்துக்கோ படம் வட்டமாக வேண்டும்.

நம் பிள்ளைகள் பெரும்பாலும் 3840×2160 புள்ளி (பிக்சல்) அளவில் எடுத்து வருகிறார்கள். அதை 1.43க்கு வெட்டினால் அகலம் 3,089 புள்ளிகளாகச் சுருங்கும். பக்கவாட்டில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். குவிமாடத்துக்கு வட்டமாக வெட்டினால் கையில் மிஞ்சுவது 2,160 புள்ளி விட்டம்தான். அங்கே 4096×4096 சதுரம் கேட்பது சாதாரணம். ஆகவே லென்ஸ் வாடகை பேசுவதற்கு முன்பு அரங்கைப் பேசுங்கள். எந்த விகிதம், எத்தனை புள்ளி, நொடிக்கு எத்தனை ஃப்ரேம், எத்தனை நிமிடம் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அருங்காட்சியக அரங்குகளில் இத்தகைய படங்கள் பெரும்பாலும் நாற்பது நிமிடத்தை ஒட்டியே இருக்கும். ஒரு மணி நேரத்துக்கு ஒரு காட்சி, அதற்குள் ஒரு பள்ளிக் கூட்டம் வெளியேறி அடுத்தது உட்கார வேண்டும். தொண்ணூறு நிமிடப் படத்தோடு போய் நின்றால் பாதிக்கு மேல் வெட்டச் சொல்வார்கள்.

கையகல மானிட்டரைப் பார்த்து முடிவெடுப்பது

இதை எழுதும்போதே எனக்குக் கோபம் வருகிறது. ஏனென்றால் பணம், பருவம், உழைப்பு மூன்றையும் சேர்த்து விழுங்கும் தவறு இதுதான். தடுப்பதற்கு ஆகும் செலவோ ஒரு நாள் புரொஜெக்டர் வாடகை.

கேமரா மேல் மாட்டும் ஏழு அங்குல மானிட்டரின் அகலம் பதினைந்தரை சென்டிமீட்டர். அரங்கத் திரை 20 மீட்டர் அகலம் என்று வையுங்கள். படம் சுமார் 130 மடங்கு பெருகுகிறது. அழகு பெருகும் அதே அளவுக்குக் குற்றமும் பெருகும். இன்னொன்றும் உண்டு. மானிட்டரை அரை மீட்டர் தள்ளிப் பார்க்கிறோம். அது நம் பார்வையில் 18 டிகிரிகூட நிரப்புவதில்லை. அரங்கில் திரையிலிருந்து 10 மீட்டர் தள்ளி உட்கார்ந்தவருக்கு அதே படம் 90 டிகிரியை நிரப்புகிறது. மானிட்டரில் நாம் படத்தைப் பார்க்கிறோம். அங்கே பார்வையாளர் படத்துக்குள் உட்கார்ந்திருக்கிறார், எங்கே பார்ப்பது என்று கழுத்தைத் திருப்பித் தேடுகிறார்.

ஒரு இளைஞர் குழு ஆனைமலைப் பக்கம் பெரிய இருவாச்சியின் கூட்டைப் படமெடுத்தது. அனுமதி முறையாக வாங்கினார்கள். ஒளிந்திருந்து படமெடுக்கும் மறைவிடத்தைக் கூட்டிலிருந்து நன்றாகத் தள்ளி அமைத்தார்கள். விடியும் முன் உள்ளே போய், இருட்டிய பிறகே வெளியே வந்தார்கள். பெண் பறவை மரப்பொந்துக்குள் புகுந்து, வாசலைத் தன் எச்சத்தால் பூசி அடைத்துக்கொண்டு, மாதக்கணக்கில் உள்ளேயே இருக்கும். ஆண் பறவை அத்திப்பழங்களைக் கொண்டுவந்து ஒரு சின்னப் பிளவு வழியாக ஊட்டும். அத்தனையும் கிடைத்தது. பருவம் முடிந்து ஊர் திரும்பிய பிறகுதான் ஒரு பெரிய அரங்கைக் காலை நேரத்தில் வாடகைக்கு எடுத்து ஓட்டிப் பார்த்தார்கள். என்னையும் அழைத்திருந்தார்கள்.

முதல் ஷாட்டில் ஆண் பறவை இடமிருந்து வலமாக வருகிறது. கேமரா அதோடு திரும்புகிறது. பின்னணி மரங்கள் திரையை நான்கு நொடியில் கடக்கின்றன. நொடிக்கு 24 ஃப்ரேம் என்றால் நான்கு நொடிக்கு 96. 20 மீட்டரை 96 தாவலில் கடந்தால் ஒவ்வொரு தாவலும் 20 சென்டிமீட்டருக்கு மேல். மானிட்டரில் அதே தாவல் ஒன்றரை மில்லிமீட்டர். கண் அதைக் கோத்துக்கொண்டு ஓட்டமாகப் பார்த்துவிடும். பெருந்திரையில் காடே தடதடவென்று உடைந்து உடைந்து நகர்ந்தது. குழுவிலேயே ஒரு பெண் கண்ணை மூடிக்கொண்டாள்.

அடுத்த ஷாட்டில் பறவை பொந்தின் வாசலில் வந்து அமர்கிறது. தொலைக்காட்சிப் பழக்கத்தில் அதன் கண்ணை ஃப்ரேமின் மேல் மூன்றில் ஒரு பங்குக் கோட்டில் வைத்திருந்தார்கள். 14 மீட்டர் உயரத் திரையில் அந்தக் கோடு ஒன்பது மீட்டருக்கு மேலே இருக்கிறது. எல்லோரும் அண்ணாந்து பார்த்தோம். பெருந்திரையில் முக்கியமானதை நடுவுக்குக் கீழே வைக்க வேண்டும். தலைக்கு மேல் வெறும் இலையும் வானமும் நிறைய இருக்கட்டும். மானிட்டரில் அது ஃப்ரேமிங் தெரியாதவர் எடுத்ததுபோலத்தான் தோன்றும். அந்த வெற்றிடம்தான் பார்வையாளருக்குக் காட்டின் உயரத்தைக் கொடுக்கிறது.

மூன்றாவது, ஊட்டும் காட்சி. இதற்காகத்தான் அவர்கள் அத்தனை நாள் காத்திருந்தார்கள். அலகு மட்டும் ஃப்ரேம் நிறைய. மானிட்டரில் பார்த்தபோது எல்லோரும் நெகிழ்ந்திருப்பார்கள். திரையில் வந்தது பல மீட்டர் நீள மஞ்சள் பரப்பு. அது என்ன உறுப்பு என்று புரிவதற்குள் ஷாட் முடிந்துவிட்டது. போதாததற்கு ஃபோகஸ் அலகில் இல்லை, பின்னாலிருந்த மரப்பட்டையில் இருந்தது. சென்சார் பெரிதாகப் பெரிதாக, அதே கோணத்துக்கு நீளமான லென்ஸ் வேண்டும். கூர்மையாகத் தெரியும் ஆழம் குறைந்துகொண்டே போகும். விரல் அகலப் பிழையைக்கூடப் பெருந்திரை மன்னிக்காது.

“எடிட்டில் பார்த்துக்கலாம்ணே” என்று அப்போதும் ஒரு தம்பி சொன்னான். சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? ஃப்ரேமுக்கு வெளியே விட்ட இறக்கை நுனியை எந்த எடிட்டரும் கொண்டுவர முடியாது. அடுத்த பருவத்துக்குத் திரும்பப் போனபோது அந்த மரம் தென்மேற்குப் பருவமழையில் சாய்ந்திருந்தது.

பரிசோதனை மிகவும் எளியது. படப்பிடிப்புக்கு முன்பே, உங்கள் தெருவில் காக்கையையும் குருவியையும் எடுங்கள். வீட்டுச் சுவரில் 3 மீட்டர் அகலத்துக்குப் படம் விழும்படி புரொஜெக்டரை வையுங்கள். சுவரிலிருந்து ஒன்றரை மீட்டரில் உட்காருங்கள். 20 மீட்டர் திரையை 10 மீட்டரிலிருந்து பார்ப்பதும் இதுவும் ஒரே கோணம், அதே 90 டிகிரி. தடதடப்பும் கழுத்து வலியும் அப்படியே தெரியும். குவிமாடத்துக்கு எடுக்கிறீர்கள் என்றால் சென்னை கோட்டூர்புரம் பிர்லா கோளரங்கத்தில் டிக்கெட் எடுத்து உட்கார்ந்து, எவ்வளவு உயரம்வரை கண் தானாகப் போகிறது, எதற்கு மேல் கழுத்தை வளைக்க வேண்டியிருக்கிறது என்று கவனியுங்கள்.

பிறகு களத்தில் கேமராவை அசைக்காமல் நிறுத்துங்கள். விலங்கு ஃப்ரேமைக் கடக்கட்டும். பறவை பறப்பதைப் பின்தொடர்ந்தே ஆக வேண்டும் என்றால் நொடிக்கு 96 ஃப்ரேமில் எடுத்து 24இல் ஓட்டுங்கள். நான்கு நொடி பதினாறு நொடியாகும். 20 சென்டிமீட்டர் தாவல் ஐந்தாகக் குறையும். ஒரு ஷாட்டிலிருந்து அடுத்ததற்கு மாறும் வெட்டையும் நிதானமாக வையுங்கள். டிவியில் மூன்று நொடியில் நகர்கிற ஷாட் இங்கே எட்டுப் பத்து நொடி நின்றால்தான் கண் தேடி முடிக்கும். மறைவிடத்துக்குள் சுவரும் புரொஜெக்டரும் இருக்காது என்பது உண்மைதான். அதனால்தான் முன்கூட்டியே வீட்டில் செய்து, கண்ணைப் பழக்கச் சொல்கிறேன். மானிட்டர் கண்ணாடியில் நடுக்கோட்டுக்குக் கீழே ஒரு நாடா ஒட்டி, விலங்கின் கண் அதற்கு மேலே போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஓடவிட்டுக்கொண்டே இருப்பது

15 துளை 70 மி.மீ. ஃபிலிம் நிமிடத்துக்கு நூறு மீட்டருக்கு மேல் கேமராவுக்குள் ஓடும். 1996இல் மலையேறியும் படமெடுப்பவருமான டேவிட் பிரஷியர்ஸின் குழு எவரெஸ்டுக்கு ஐமேக்ஸ் கேமரா கொண்டுபோனது. அதற்காகக் கேமராவின் எடையைக் குறைத்து, கடுங்குளிரிலும் ஓடும்படி தனியாகச் செய்தார்கள். அப்படியும் லென்ஸோடு சேர்த்து 19 கிலோ அளவுக்கு இருந்தது, ஷெர்பாக்கள் சுமந்தார்கள். ஒரு சுருளுக்கு 90 நொடி. கையுறையோடு ஃபிலிம் ஏற்ற முடியாது என்பதால், அந்தக் குளிரிலும் பிரஷியர்ஸ் வெறுங்கையால் ஏற்றினார். அதே மே மாதம் மலையில் பெரும் விபத்து நடந்து பலர் இறந்தார்கள். இந்தக் குழு படப்பிடிப்பை நிறுத்திவிட்டு மீட்புக்குப் போனது. தங்களுக்கென்று மேலே சேர்த்து வைத்திருந்த ஆக்சிஜனையும் கொடுத்தது. பிறகு மே 23 அன்று உச்சியை அடைந்து படமெடுத்தார்கள்.

90 நொடிதான் என்று தெரிந்தவர் எதற்காக பட்டனை அழுத்துகிறோம் என்று முன்பே முடிவு செய்துவிடுவார். இப்போது கார்டு இருக்கிறது, காலையிலிருந்து மாலைவரை ஓடவிடுகிறார்கள். முந்நூறு மணி நேரக் காட்சியோடு வருகிற குழுவிடம், “யானை தண்ணீருக்கு இறங்கும் முழு ஷாட் எது?” என்று கேட்டால் காட்ட முடிவதில்லை. துண்டு துண்டாக நூறு இருக்கும்; தொடக்கமும் முடிவும் உள்ள ஒன்று இருக்காது. பெருந்திரைக்கு அந்த ஒன்றுதான் வேண்டும்.

அகல லென்ஸுக்காகக் கிட்டே போவது

பெருந்திரைக்கு அகலமான கோணம் நன்றாக இருக்கும் என்று சொன்னதும், சிலர் லென்ஸை மாற்றிவிட்டு விலங்கை நோக்கி நடக்கிறார்கள். இருவாச்சிக் கூட்டை நெருங்கினால் ஆண் பறவை தயங்கும், வருவதைக் குறைக்கும். உள்ளே அடைந்திருக்கும் பெண்ணுக்கும் குஞ்சுக்கும் அதைவிட்டால் சோறு கிடையாது. மேலே சொன்ன குழு இந்த விஷயத்தில் அப்பழுக்கில்லாமல் நடந்துகொண்டது. அதனாலும்தான் அவர்கள் இழப்பு எனக்கு இன்னும் ஆறவில்லை.

1990களின் இறுதியில் கோஸ்டாரிகாவுக்கு அப்பாலுள்ள கோகோஸ் தீவில், கடலடிப் படங்கள் எடுக்கும் ஹோவர்ட் ஹால் சுத்தியல்தலைச் சுறாக் கூட்டங்களைப் படமெடுத்தார். மூச்சுக் குமிழிச் சத்தம் கேட்டாலே அவை விலகிப்போகும். ஆகவே குமிழி வெளியே விடாத ரீபிரீதர் கருவியை மாட்டிக்கொண்டு இறங்கி, சுறாக்கள் தாமாக வரும்வரை காத்திருந்தார்கள். அகல லென்ஸ் வேண்டுமென்றால் இதுதான் வழி. விலங்கு எந்தத் தடத்தில் வரும் என்று முன்பே படித்து, கேமராவை அங்கே வைத்துவிட்டு, நீங்கள் தள்ளி இருந்து இயக்குங்கள். தடம் படிக்க வன ஊழியர்களையும் அந்தக் காட்டின் பழங்குடி மக்களையும் கேளுங்கள். அவர்கள் உதவியைப் பெற்றால் அவர்கள் பெயரைப் படத்தில் போடுங்கள், கூலியையும் ஒழுங்காகக் கொடுங்கள்.

காப்புக்காட்டில் ட்ரோன்

அனுமதி இல்லாமல் பறக்கவிடாதீர்கள். அனுமதி இருந்தாலும் கூட்டின் மேலே வேண்டாம்.

3டி

திரைக்கு முன்னால் மிதப்பதுபோலத் தோன்றும் பொருளை ஃப்ரேம் விளிம்பு வெட்டக் கூடாது.

விவரணையை முதலில் எழுதுவது

காட்டுக்குப் போகும் முன்பே நாற்பது நிமிடத்துக்கும் பேச்சு எழுதி முடித்துவிடுகிறார்கள். பிறகு பேச்சுக்கு ஏற்பப் படத்தை அடுக்குகிறார்கள். பெருந்திரையில் கண் ஏற்கனவே கடுமையாக வேலை செய்கிறது. காதிலும் தகவல் கொட்டினால் இரண்டும் நிற்காது. ஒரு ஷாட் மாறியதும் முதல் சில நொடிகள் பேசாதீர்கள். பறவையின் எடை, நீளம், ஆயுள் எல்லாவற்றையும் அரங்க வாசலில் ஒரு பலகையில் எழுதி வைக்கலாம்.

இருவாச்சியின் இறக்கை ஓசை காட்டில் வெகுதூரம் கேட்கும். பறவை கண்ணில் படும் முன்பே அது வருவது தெரிந்துவிடும். அந்தக் குழு ஒலியைத் தனியாகப் பதிவு செய்யவில்லை. கேமரா மைக்கில் கிடைத்தது மறைவிடத்துத் துணி உரசும் சத்தமும் யாரோ ஒருவரின் இருமலும். ஒலிப்பதிவுக்கு ஒரு ஆளை முதல் நாளிலிருந்தே அழைத்துப் போங்கள். அவருக்கு வேறு எந்த வேலையும் கொடுக்காதீர்கள்.